பதினான்கு சனிக்கிழமைகள்

அத்தியாயம் 11

அந்தக் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஆறு நாள் சுற்றினேன். ஏழாவது நாள் காலையில் முடியவில்லை.

போன வாரம் நிறுத்திய இடம் இதுதான். பத்திரிகை அலுவலகத்தின் விளம்பரப் பிரிவில் பழைய மர அலமாரியைத் தச்சர்கள் பிரித்துப் போட்டார்கள். ஓர் இழுப்பறைக்குப் பின்னாலிருந்து ஒரு கடிதம் விழுந்தது. உறை பிரிக்கப்பட்டிருந்தது. எழுதியவர் என் அப்பா. எழுதப்பட்டது ‘பெட்டி எண் 212’க்கு. தேதி, இருபத்தாறு வருடத்துக்கு முந்தையது.

இதிலே அதிர்ச்சி என்ன? அந்த இழுப்பறை என் அம்மாவுடையது. முப்பத்தொரு வருடம் அந்தக் கௌன்டரில் உட்கார்ந்திருந்துவிட்டு, போன மாதம்தான் ஓய்வு பெற்றாள். துணை தேடி விளம்பரம் கொடுப்பவர்களுக்கு ஒரு பெட்டி எண் தருவது, அந்த எண்ணுக்கு வரும் கடிதங்களை நம்பர் போட்ட சின்னச் சின்ன மர அறைகளில் அடுக்குவது, சனிக்கிழமை வந்து கேட்பவர்களிடம் எடுத்துக் கொடுப்பது, இதுதான் அவள் வேலை. அலுவலகத்துக்குத் தெரியாமல் வேறு பெயரில் அவளே ஒரு விளம்பரம் போட்டாள், அதைப் பார்த்து அப்பா எழுதினார், கல்யாணம் நடந்தது. எங்கள் வீட்டில் சோறு மாதிரி தினமும் பரிமாறப்படும் கதை இது.

சும்மா விட்டிருக்கலாம். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். எதையும் மூலத்தோடு ஒத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். பழைய விளம்பரப் படிவங்களை இறக்கி 212ஐ எடுத்தேன்.

அதில் இருந்தது அம்மாவின் கையெழுத்து இல்லை. தொழில்: தையல். முகவரி: பஸ் பணிமனைக்கு எதிரே, சீருடை தைக்கும் கடை.

படிவத்தின் கீழே விளம்பர வாசகம், வயலட் மையில்:

‘வயது 29. சொந்தக் காலில் நிற்கிறேன். அதில் ஒன்று சற்றுக் குட்டை. மறைக்க வேறொன்றும் இல்லை. பொய் சொல்லாத ஆள் மட்டும் எழுதவும்.’

என் அம்மாவின் கால்கள் இரண்டும் நேரானவை.

*

“ஏய், இருநூத்திப்பன்னெண்டு! என் நீலச் சட்டை எங்க?”

அப்பா அம்மாவை இப்படித்தான் கூப்பிடுவார். பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தாலும் அதே எண்தான், கொஞ்சம் சத்தமாக.

“கட்டில் மேல எடுத்து வெச்சிருக்கேன், பாருங்க.”

“இஸ்திரி போட்டிருக்கா? பேப்பர்ல வரப் போறேன். லேத் பட்டறையில அத்தனை பேரும் பார்ப்பான்.”

அப்பா லேத் ஓட்டுகிறவர். முப்பது வருடமாக இரும்பைக் கடைந்து நகக்கண்ணில் கறுப்பு ஏறிவிட்டது. இடது கை சுட்டுவிரல் பாதிதான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் மெஷின் எடுத்துக்கொண்டது. இன்றைக்கு அதிசயமாக லீவு போட்டிருந்தார். காரணம், நான்.

எங்கள் பத்திரிகைக்கு இது ஐம்பதாவது ஆண்டு. ‘எங்கே சந்தித்தீர்கள்?’ என்று வாரம் ஒரு தம்பதியைப் பற்றிப் போடுகிறார்கள். எழுதுவது பயிற்சி நிருபரான நான். இதுவரை ஐந்து ஜோடி. டைப்ரைட்டிங் வகுப்பில் பக்கத்து மெஷின். ஆஸ்பத்திரியில் காலொடிந்தவருக்கும் பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்த பெண்ணுக்கும். நூலகத்தில் ஒரே புத்தகத்துக்காகச் சண்டை. தொழிற்சாலை வாசலில் ஒரு குடைக்குள் ஒதுங்கியவர்கள். ராங் நம்பரில் இரண்டு வருடம் பேசியவர்கள். எல்லோரும் கடைசியில் ஒன்றைத்தான் சொல்வார்கள்: “அன்னிக்கு ஒரு நிமிஷம் தப்பியிருந்தா அவ்வளவுதான்.” தப்பிய நிமிடங்களைப் பற்றி யாரும் பேட்டி கொடுப்பதில்லை.

ஆறாவது ஜோடி என் பெற்றோர். அம்மாவின் பிரிவு உபசாரத்தன்று அப்பா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே? ஆசிரியரைப் பிடித்து நிறுத்தி மொத்தக் கதையையும் ஒப்பித்துவிட்டார். ஆசிரியருக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. “பெட்டி எண் 212னு தலைப்பு போடும்மா. உங்கப்பாம்மா கதைதானே, நீயே எழுது.”

இன்று மாலை நாலு மணிக்குப் போட்டோக்காரர் வீட்டுக்கு வருகிறார். ஞாயிற்றுக்கிழமை அச்சில் வரும். ஊரே படிக்கும். பஸ் பணிமனைக்கு எதிரே இருக்கும் தையல் கடையும் இந்த ஊரில்தான் இருக்கிறது.

அப்பா குளியலறைக்குள் போனார். நான் சமையலறைக்குள் போய்க் கடிதத்தை மேடை மேல் வைத்தேன்.

அம்மா டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். பார்த்தாள். குழாயை மூடினாள். கையை முந்தானையில் துடைத்தாள். காய்ந்த கையை மறுபடியும் துடைத்தாள்.

“எங்க இருந்துச்சு?”

“உன் டிராயருக்குப் பின்னாடி.”

“அங்கதான் இருக்கும்னு தெரியும்” என்றாள். “இருபத்தாறு வருஷமா தெரியும்.”

மறுப்பாள், அழுவாள், சத்தம் போடுவாள் என்று மூன்றுக்கும் பதில் தயாரித்து வைத்திருந்தேன். மூன்றும் வீண்.

“யாரும்மா அவங்க?”

“மெதுவாப் பேசு.”

“யாருன்னு கேட்டேன்.”

அம்மா அடுப்புக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தாள். பாத்திரம் எடுக்கக் குனிகிறவள் மாதிரி, தரையைப் பார்த்துக் குரலை இறக்கினாள்.

“ஒரு நாளைக்கு நாப்பது கடிதம் வரும். எல்லாம் யாருக்கோ. அங்க வேலை பார்க்கறவங்க விளம்பரம் குடுக்கக் கூடாதுன்னு விதி. எனக்கும் அப்போ இருபத்தொம்பது. கௌன்டருக்கு வர்ற ஆம்பிளைங்க எவனும் என்னைப் பார்க்க மாட்டான். என்னைத் தாண்டிப் பின்னாடி இருக்கற அலமாரியைத்தான் பார்ப்பான், தன் நம்பர்ல ஏதாவது இருக்கான்னு.”

“அதுக்காக?”

“சொல்ல விடு. அந்த உறை சரியா ஒட்டலை. ஒரு ஓரம் திறந்திருந்துச்சு. விரலை விட்டேன். அவ்வளவுதான். படிச்சிட்டுத் திரும்ப ஒட்டி வெச்சிடலாம்னுதான்.” மூச்சு விட்டாள். “படிச்சிட்டே இருந்தேன். படியில சத்தம். நம்ம ஆபீஸ் மாடிப்படி மரம். அவ ஏறி வர்றது கீழேருந்தே கேட்கும். ஒரு அடி பலமா, ஒரு அடி லேசா. அந்த நடை அந்தக் கட்டடத்துல வேற யாருக்கும் கிடையாது. பயந்துட்டேன். டிராயர்ல போட்டு இடிச்சு மூடினேன். பின்னாடி விழுந்துருச்சு.”

“எடுத்துக் குடுத்திருக்கலாமே?”

“அந்த டிராயர் முழுசா வெளிய வராது. உள்ள தடுப்புக் கட்டை. தச்சனைக் கூப்பிட்டா ஏன் எதுக்குன்னு கேட்பாங்க. எடுத்தாலும் அது பிரிச்ச கடிதம். பிரிச்சா அன்னிக்கே வேலை போயிடும். எங்க வீட்டுல சம்பாதிச்சது நான் ஒருத்தி. அவ வந்து நின்னா. ‘ஏதாவது வந்துச்சா?’ன்னு கேட்டா. ‘இல்லை’ன்னேன்.”

“சரி. அடுத்த சனிக்கிழமை?”

“இல்லைன்னேன்.”

“அதுக்கு அடுத்தது?”

அம்மா அணைந்திருந்த அடுப்பின் திருகை இன்னொரு தரம் மூடினாள்.

“அதுக்குள்ள நீ பதில் எழுதிட்டே.”

“முகவரி மனசுல நின்னுடுச்சு. ஒரு தடவைதான் படிச்சேன். நின்னுடுச்சு.”

“அவங்களுக்கு வேற கடிதம் ஏதாவது வந்துச்சா? மொத்தம் எத்தனை?”

குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம். அப்பா ஏதோ ராகம் இழுத்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணுதான் வந்துச்சு” என்றாள் அம்மா.

மேடையைப் பிடித்துக்கொண்டேன்.

“பதினாலு சனிக்கிழமை வந்தா. பெட்டி மூணு மாசம்தான் செல்லும். கடைசி வாரம் பெட்டி எண் அட்டையைத் திருப்பிக் குடுத்தா. ‘உங்களுக்கு வீண் சிரமம் குடுத்துட்டேன்’னு சொல்லிட்டுப் போனா.”

“எப்படிம்மா? அப்பாவை முதல்ல பார்க்கப் போனப்ப, நேரா நடந்துதானே போனே? கேட்கலையா அவர்?”

“கேட்டார். அச்சுக் கோக்கறவன் வேற விளம்பரத்து வரியை இதுல சேர்த்துட்டான்னு சொன்னேன்.” அம்மா என்னைப் பார்த்தாள். “அவர் முகம் ஒரு நொடி சுருங்குச்சு தெரியுமா? எல்லா ஆம்பிளைக்கும் பொண்ணுக்குக் கால் நேரா இருந்தா சந்தோஷம். இவருக்கு ஏமாத்தம். அந்த ஒரு நொடியை நான் இன்னும் பார்த்துட்டுத்தான் இருக்கேன்.”

“பட்டதாரி!” குளியலறைக் கதவு திறந்து அப்பாவின் தலை மட்டும் தெரிந்தது. பாதி முகத்தில் சோப்பு நுரை. “மீசையை வெச்சுக்கவா, எடுத்துடவா? பத்திரிகை என்ன சொல்லுது?”

“வெச்சுக்குங்கப்பா.”

“இருநூத்திப்பன்னெண்டு என்ன சொல்லுது?”

“உங்க இஷ்டம்” என்றாள் அம்மா. குரலில் ஒரு பிசிறு இல்லை. இருபத்தாறு வருடப் பயிற்சி.

கதவு மூடியது.

“ஒரு நாளைக்கு இருபது தடவை” என்றாள் அம்மா மெதுவாக. “இருபது தடவை அவ நம்பரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடறார். நீ புதுசா என்னடி தண்டனை குடுத்துடப் போறே?”

எனக்கு இரக்கம் வரவில்லை. வரக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒன்பதாம் நம்பர் பஸ்ஸில் நான் சந்தித்து மனதைக் கொடுத்தவரைப் பற்றிச் சொன்னபோது, மூன்று வாரம் முன்பு, இதே முக்காலியில் உட்கார்ந்துகொண்டு என்ன கேட்டாள்? “பஸ்ஸுல பார்த்தவனை எப்படிடி நம்பறது? அவன் சொல்றது நிஜம்னு உனக்கு யார் சொன்னா?” கேட்டது யார் பாருங்கள்.

“நீ எழுதிக்கோ. நான் தடுக்கலை” என்றாள். “நம்பரை மட்டும் விட்டுடு. வேற ஏதாவது நம்பர் போட்டுடு.”

“அப்பா அந்த நம்பரைத்தான் உனக்குப் பேரா வெச்சிருக்கார். போட்டோக்காரர் முன்னாடியும் அப்படித்தான் கூப்பிடுவார்.”

“அந்தக் கடிதத்தை அன்னிக்கு நான் குடுத்திருந்தா நீ இல்லடி. அதை நினைச்சுப் பார்த்தியா?”

“இது நியாயமா, மிரட்டலா?”

அம்மா டம்ளரைக் கழுவத் திரும்பிவிட்டாள். நான் கடிதத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினேன். எங்கள் வீடு மூன்றாவது மாடி. அப்பா கல்யாணத்துக்கு முன்பிலிருந்தே இருக்கும் வீடு. கடிதத்தின் தலைப்பில் இருக்கும் முகவரியும் இதேதான்.

*

கடை இன்னும் அங்கேயே இருந்தது.

வாசல் முழுக்கக் காக்கித் துணி. உள்ளே ஒரு வெட்டு மேசை, சுவரில் காகித அளவுகள், மூலையில் மோட்டார் பொருத்திய தையல் மெஷின். அதன் முன்னால் நரைத்த முடியை இழுத்துக் கட்டிய ஓர் அம்மாள். வாயில் இரண்டு குண்டூசி. மெஷினுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்த ஒரு கோல்.

கோலை நான் எதிர்பார்க்கவில்லை. ‘சற்றுக் குட்டை’ என்பதற்குக் கோல் எதற்கு?

“அளவு குடுக்கணுமா, அளவுச் சட்டை கொண்டு வந்திருக்கியா?”

“பத்திரிகை ஆபீஸ்லேருந்து வரேன்.”

“விளம்பரமா? வேண்டாம்மா.” குண்டூசியை எடுத்துத் துணியில் குத்தினாள். “ஒரு தடவை குடுத்தேன். போதும்.”

அதற்கு மேல் முன்னுரை எதற்கு? பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினேன்.

“இது உங்களோடது. ரொம்பத் தாமதமா வருது.”

உறையைப் பார்த்தாள். மெஷினை நிறுத்தினாள். கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். உறை மேல் இருந்த எண்ணை விரலால் தொட்டாள். அழுக்கு ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது போல.

பிறகு படித்தாள். நான் மனப்பாடமாக அறிந்த வரிகள். அவள் கண் நகர நகர நானும் கூடவே படித்துக்கொண்டிருந்தேன்.

‘உங்கள் விளம்பரத்தை டீக்கடையில் படித்தேன். முதலில் சிரித்துவிட்டேன். பிறகு வெட்கமாகிவிட்டது. என்னால் இப்படி எழுத முடியுமா என்று யோசித்தேன். நான் லேத் ஓட்டுகிறேன். இடது கையில் ஒரு விரல் பாதிதான். ஆளுக்கு ஒன்று குறைகிறது, அதனால் ஒருவர் மற்றவரைப் பார்த்துச் சிரிக்க மாட்டோம் என்று நினைக்கிறேன். சிரித்தாலும் சேர்ந்து சிரிக்கலாம். பதில் வராவிட்டால் தப்பாக நினைக்க மாட்டேன். வந்தால் சந்தோஷம்.’

அவள் ஒரு முறைதான் படித்தாள். பழைய மடிப்பிலேயே மடித்தாள்.

“எழுத்து நல்லா இருக்கு” என்றாள்.

பணிமனையிலிருந்து ஒரு பஸ் உறுமிக்கொண்டு வெளியே வந்தது. அது மூலை திரும்பும்வரை பார்த்துவிட்டுத்தான் கேட்டாள்.

“எங்க கிடந்துச்சு?”

“ஆபீஸ்ல. ஒரு டிராயருக்குப் பின்னாடி.”

“தவறி விழுந்துடுச்சாக்கும். பாவம், அந்த கௌன்டர்ப் பொண்ணு. தெரிஞ்சா வருத்தப்படும். நல்ல பொண்ணு அது. நான் படியேறி வர்றதுக்குள்ள ஒரு டம்ளர் தண்ணி எடுத்துத் தயாரா வெச்சிருக்கும். பதினாலு வாரமும். ‘இல்லை’ன்னு சொல்றப்போ அதுக்குத்தான் என்னைவிட முகம் வாடிப் போகும்.”

தண்ணீர் விஷயத்தை அம்மா சொல்லவில்லை.

“ஒண்ணு தெரியுமா?” என்றாள் தையல்கார அம்மாள். அவளுக்குப் பேசத் தோன்றிவிட்டது. “ஊரே படிக்கிற பேப்பர். வாசகத்தை ஒரு வாரம் யோசிச்சு எழுதினேன். ஒருத்தன்கூடவா எழுத மாட்டான்? ஒருத்தனும் எழுதலைன்னதும், சரி, நம்ம யோக்யதை இவ்வளவுதான்னு ஆயிடுச்சு. நூல் கண்டு விக்க ஒருத்தன் வருவான். கட்டிக்கறியான்னு கேட்டான். முதல்ல கேட்டவன் அவன். சரின்னுட்டேன்.”

“நல்லா வெச்சுக்கிட்டாரா?”

அவள் சிரித்தாள். கோலை எடுத்துக் காட்டினாள்.

“விளம்பரத்துல ஒரு காலுன்னுதானே போட்டிருந்தேன்? இப்போ போட்டா ரெண்டுன்னு போடணும். ஏழாவது வருஷம் படியிலேருந்து தள்ளினான். நல்ல கால் போச்சு.”

“இப்போ அவர்?”

“செத்துட்டான். நான் ஒண்ணும் பண்ணலை, பயப்படாதே. அவனாத்தான் செத்தான்.”

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

இங்கே நான் எழுந்து வந்திருக்கலாம். கடிதம் சேர்ந்துவிட்டது. தவறி விழுந்தது என்று அவளே ஒரு காரணமும் கொடுத்துவிட்டாள். அவள் நினைவில் ஒரு நல்ல பெண்ணும் ஒரு டம்ளர் தண்ணீரும் பத்திரமாக இருக்கின்றன. எனக்குப் பொய் சொல்ல வராது என்றெல்லாம் இல்லை. நன்றாக வரும். யார் மகள் நான்? ஆனால் ஞாயிற்றுக்கிழமை பேப்பர் இந்தக் கடைக்கும் வரும். வெட்டு மேசையின் மேல் எங்கள் பேப்பரைத்தான் விரித்திருந்தாள்.

“அந்த கௌன்டர்ப் பொண்ணு என் அம்மா” என்றேன்.

“அப்படியா!” முகம் மலர்ந்தது. “நல்லா இருக்குதா?”

“கடிதம் எழுதினவர் என் அப்பா.”

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. மாறக்கூட மறந்துவிட்டது.

மீதியை நிறுத்தாமல் சொன்னேன். பிரித்தது, படிச் சத்தம், ‘இல்லை’ என்றது, பதில் எழுதியது, அச்சுக் கோப்பவர் மேல் போட்ட பழி. “இன்னிக்கு நாலு மணிக்குப் படம் எடுக்கறாங்க. ஞாயித்துக்கிழமை வரும். உங்க நம்பரோட. நீங்க பேப்பரைப் பிரிச்சுப் பார்த்துத் தெரிஞ்சுக்கக் கூடாது. அதான் வந்தேன்.”

அவள் மெஷினை ஓட்டினாள். காக்கித் துணி ஊசிக்கடியில் ஓடியது. ஒரு முழம் போனதும் நிறுத்தினாள். தையல் கோணிக்கொண்டு போயிருந்தது. பிளேடை எடுத்து, போட்ட தையல் ஒவ்வொன்றாக அறுத்தாள். அவசரமே இல்லாமல்.

“அவருக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“விரல் பாதின்னு எழுதியிருக்காரே. நிஜமா?”

“நிஜம்தான்.”

“பொய் சொல்லாத ஆள்தான் எழுதியிருக்கார்” என்றாள். அறுத்த நூலை ஊதித் தள்ளினாள். “இந்த முகவரியிலதான் இன்னும் இருக்காங்களா?”

நான் தலையாட்டினேன். ஆட்டியிருக்கக் கூடாதோ என்று ஆட்டிய பிறகு தோன்றியது.

“மூணாவது மாடின்னு போட்டிருக்கு.”

“வரப் போறீங்களா?”

“பன்னெண்டு சட்டைக்குக் காஜா எடுக்கணும்” என்றாள். “நீ கிளம்பு.”

கடிதத்தைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. அது அவளுடையது.

*

“கொஞ்சம் சிரிங்கம்மா. இது அடையாள அட்டைக்கு இல்லை” என்றார் போட்டோக்காரர்.

அப்பா நீலச் சட்டையில், மீசையோடு, சோபாவில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அம்மா. அப்பாவின் அரை விரல் அவள் கை மேல் கிடந்தது. நான் கதவோரம் குறிப்பு நோட்டோடு நின்றேன். அம்மா என்னை ஒரு தரம் பார்த்தாள். எங்கே போய்விட்டு வந்தேன் என்று அவளுக்குத் தெரியும். கேட்கவில்லை.

“கதையைச் சொல்லுங்க சார். பேசறப்போ எடுத்தாத்தான் இயல்பா வரும்.”

அப்பாவுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? வீட்டில் என்னிடம் சொல்லும்போது விட்டுவிடுகிற பூங்காப் பகுதியிலிருந்தே ஆரம்பித்தார்.

“பூங்கா வாசல்ல நிக்கறேன். நொண்டி நடக்கற பொண்ணு எதுவும் வருதான்னு பார்த்துட்டே இருக்கேன். வந்தா உக்கார வெக்கலாம்னு பெஞ்சுகூடத் துடைச்சு வெச்சுட்டேன். பார்த்தா, இவ நேரா நடந்து வர்றா, பட்டாளத்துக்காரி மாதிரி! ‘நீங்கதானா?’ன்னேன். ‘நான்தான். அச்சுக் கோத்தவர் பண்ணின தப்பு’ன்னா.”

போட்டோக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். விளக்கு ஒரு முறை பளிச்சென்றது.

“ஆனா பாருங்க,” அப்பாவின் குரல் இறங்கியது, “அந்த வரி எங்கேருந்தோதானே வந்திருக்கணும்? யாரோ ஒரு பொண்ணு எழுதினதுதானே? அவ விளம்பரத்துல அந்த வரி இல்லாமப் போயிருக்கும். எவனோ ஒருத்தன் தெரியாம வந்து பார்த்துட்டு, மூஞ்சியைத் திருப்பிட்டுப் போயிருப்பான். அப்பப்போ நினைச்சுப்பேன். அவளுக்கு யாராவது கிடைச்சாங்களோ என்னமோ.”

நான் குறிப்பு நோட்டில் ஒன்றும் எழுதவில்லை. இந்த மனிதர் இருபத்தாறு வருடமாக, முகம் தெரியாத ஒருத்தியைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தி அதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

“இதை எழுத வேண்டாம், பட்டதாரி. சும்மா சொன்னேன்.”

“இன்னும் ஒண்ணு எடுத்துக்கறேன்” என்று போட்டோக்காரர் கண்ணைக் கேமராவில் வைத்தார். “அம்மா, இந்தப் பக்கம். அம்மா? இங்க பாருங்க.”

அம்மா பார்க்கவில்லை. அவள் தலை லேசாகச் சாய்ந்திருந்தது, எதையோ உற்றுக் கேட்பது போல.

பிறகுதான் எனக்கும் கேட்டது. கீழே, வெகு கீழே, முதல் படிக்கட்டில். ஓர் அடி பலமாக. ஓர் அடி லேசாக. நடுவே, அம்மா இதுவரை கேட்டிராத மூன்றாவது சத்தம். மரக்கோல் சிமென்டில் ஊன்றுகிற சத்தம்.

மெதுவாக ஏறியது. முதல் மாடியில் நின்றது. மூச்சு வாங்குகிற நேரம். மறுபடி ஏறியது.

அம்மாவின் வலது கை அப்பாவின் கைக்கு அடியிலிருந்து உருவிக்கொண்டது. இடுப்பு உயரத்தில், முன்னால், வெற்றுக் காற்றை வேகமாகத் தள்ளியது. இல்லாத இழுப்பறையை இடித்து மூடியது.

“என்ன ஆச்சு உனக்கு?” என்றார் அப்பா.

இரண்டாவது மாடி. நின்றது. ஏறியது.

“யாரோ வர்றாங்க போல இருக்கு. பாவம், கால் முடியாதவங்க மாதிரித் தெரியுது. போய்ப் பாரேன், இருநூத்திப்பன்னெண்டு!”

சத்தமாகத்தான் சொன்னார். படிக்கட்டு வரை கேட்டிருக்கும். வெளியே கோல் ஒரு கணம் நின்றது. பிறகு, யாரோ தன்னைக் கூப்பிட்டது போல, முன்னைவிட வேகமாக ஊன்றியது.

அம்மா எழுந்தாள். கதவுப் பக்கம் வரவில்லை. சமையலறைக்குள் போனாள். குழாயைத் திறக்கிற சத்தமும், டம்ளரில் தண்ணீர் நிறைகிற சத்தமும் கேட்டன.

கதவு தட்டப்பட்டது. ஒரே ஒரு முறை.

அப்பா என்னைப் பார்த்தார். போட்டோக்காரர் என்னைப் பார்த்தார். கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தது நான்தான்.